சிறுநீரக நோயும் நுரையீரல் தமனியின் உயர் அழுத்தமும்: எக்கோ அறிக்கையை எவ்வாறு புரிந்துகொள்வது?

எக்கோ பரிசோதனை முடிந்து எங்கள் அறைக்கு வரும் குடும்பத்தினர் பலர், அறிக்கையின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “டாக்டர், நுரையீரலில் பிரஷர் என்று எழுதியிருக்கிறதே, கையில் பார்க்கும் பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது?” இது நியாயமான கேள்வி. ஆனால் நின்றுகொண்டே இரண்டு வரிகளில் விடை கூறக்கூடியது அன்று. எனவே இந்த இதழில் அதனைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

விளக்கத்திற்கு வசதியாக நோயாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். இவர் எங்களிடம் சிகிச்சை பெறும் எவரையும் குறிப்பவர் அல்லர். பலரிடம் நாங்கள் கண்டவற்றைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறோம். வயது நாற்பத்தெட்டு. மூன்று ஆண்டுகளாகத் திங்கள், வியாழன் என வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இடது மேற்கையில் ஃபிஸ்டுலா உள்ளது. அவருடைய மனைவி சிறுநீரகம் தர முன்வந்துள்ளார். மாற்று அறுவை சிகிச்சைக்கான பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. இரண்டு மாதங்களாக மாடிப்படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிய பின்னரே மேலே செல்கிறார். ஒரு திங்கட்கிழமை காலையில், டயாலிசிஸுக்கு முன்பாக எக்கோ எடுக்கப்படுகிறது. அறிக்கையில் நுரையீரல் தமனி அழுத்தம் 61 என்று காணப்படுகிறது. “இவ்வளவு பிரஷர் இருந்தால் மாற்று அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள்” என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட, அன்றிரவு அந்த வீட்டில் எவரும் உறங்கவில்லை.

அந்த 61 என்ற எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டு ஓட்டங்கள், இரண்டு அழுத்தங்கள்

நம் இதயம் பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இரண்டு பம்புகளைப் போன்றது. இடப்பக்கம் உடல் முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்துகிறது. வலப்பக்கம் உடலிலிருந்து திரும்பிவரும் இரத்தத்தை நுரையீரலுக்குச் செலுத்துகிறது. அவ்வாறு செல்லும் குழாயே நுரையீரல் தமனி. கையில் பட்டை கட்டி அளக்கும் 120/80 என்ற அளவு இடப்பக்கத்தைச் சேர்ந்தது. நுரையீரல் தமனியில் இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 25/10 அளவிலேயே இருக்கும். எனவே கையில் அழுத்தம் சரியாக இருக்கும்போதே நுரையீரல் தமனியில் அது உயர்ந்திருக்கலாம். ஒன்றை அளந்து மற்றொன்றை அறிய இயலாது.

நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம், ஓய்வு நிலையில் 20 மி.மீ. பாதரசத்திற்கு மேல் இருந்தால் அதனை உயர் அழுத்தம் என்கிறோம். முன்பு இந்த எல்லை 25 ஆக இருந்தது. அண்மைக்கால வழிகாட்டுதல்கள் அதனை 20 ஆகக் குறைத்துள்ளன. இங்கே ஒரு குழப்பம் நேர்வதுண்டு. எக்கோ அறிக்கையில் பெரும்பாலும் எழுதப்படுவது உச்ச அழுத்தம். மேலே கூறிய 20 என்பது சராசரி அழுத்தம். எக்கோவில் 30 என்று கண்டு, “20க்கு மேல் போய்விட்டதே” என்று அஞ்ச வேண்டியதில்லை. அவை இரண்டும் வெவ்வேறு அளவுகள்.

வலப்பக்க இதயத்தின் சுவர் மெல்லியது. குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யவே அது அமைந்துள்ளது. உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து நாள்தோறும் உழைக்க நேர்ந்தால், முதலில் அது தடிக்கும், பிறகு விரியும், இறுதியில் தளரும். இந்நிலையைக் காலத்தே கண்டறியவே நாங்கள் முயல்கிறோம். சிறுநீரக நோயுடன் இவ்வழுத்தமும் சேர்ந்திருப்பவர்கள் மருத்துவமனையில் சேர நேர்வதும் உயிரிழக்க நேர்வதும் மற்றவர்களைவிட மிகுதி. எனவே இது அலட்சியப்படுத்தக்கூடியது அன்று. அதே வேளையில், ஒரே ஓர் எண்ணைக் கண்டு நம்பிக்கையிழக்க வேண்டியதும் அன்று.

சிறுநீரக நோயில் இவ்வழுத்தம் ஏன் உயர்கிறது?

அமெரிக்காவில், டயாலிசிஸ் தொடங்காத நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் ஏறத்தாழ 3,000 பேரை எக்கோ வழியாக ஆராய்ந்து 2016இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், ஐவரில் ஒருவருக்கு இவ்வழுத்தம் உயர்ந்திருந்தது. சிறுநீரகச் செயல்பாடு குறையக் குறைய இவ்விகிதம் கூடியது.

காரணங்களை விளங்கிக்கொள்ள ஒரு வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் நீர்மட்டம் மூன்று வகைகளில் உயரலாம். கடைமடை அடைபட்டு நீர் பின்னோக்கித் தேங்கலாம். மேலே மதகிலிருந்து வாய்க்கால் கொள்ளாத அளவு நீர் திறந்துவிடப்படலாம். அல்லது வாய்க்காலே தூர்ந்து குறுகிப் போயிருக்கலாம்.

முதல் வகை, கடைமடை அடைப்பு. நுரையீரலைக் கடந்த இரத்தம் இடப்பக்க இதயத்திற்குச் செல்ல வேண்டும். பல ஆண்டுகால இரத்தக் கொதிப்பினாலும் சர்க்கரை நோயினாலும் இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துப் போனால், அது எளிதில் விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொள்ளாது. ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்தாலும் இதே நிலைதான். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலும், சிறுநீரக நோயில் வால்வின் அடிப்பகுதியில் படியும் சுண்ணமும் அவ்வாறு சுருங்கக் காரணமாகலாம். இவற்றுடன் உடலில் நீர் மிகுந்திருந்தால் தேக்கம் இன்னும் பெருகும். சிறுநீரக நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது இந்த வகையே.

இரண்டாம் வகை, மிகை ஓட்டம். இரத்தசோகை இருந்தால், குறைந்த ஹீமோகுளோபினைக் கொண்டு உடலுக்குத் தேவையான ஆக்சிஜனைச் சேர்க்க இதயம் கூடுதல் இரத்தத்தைச் செலுத்துகிறது. ஃபிஸ்டுலாவும் இத்தகையதே. தமனியையும் சிரையையும் நேரடியாக இணைத்து டயாலிசிஸுக்கு வழி செய்யும் இம்முறையை பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் 1966இல் வெளியிட்டனர். இன்றும் டயாலிசிஸுக்கு அதுவே சிறந்த வழி. ஆயினும் அதன் வழியே ஓடும் இரத்தம் திசுக்களுக்குச் செல்லாமல் குறுக்கு வழியில் இதயத்திற்கே திரும்புகிறது. சில ஃபிஸ்டுலாக்களில், குறிப்பாக மேற்கையில் அமைந்தவற்றில், இந்த ஓட்டம் ஆண்டுகள் செல்லச் செல்ல மிகப் பெரிதாகிவிடுகிறது.

மூன்றாம் வகை, குழாயே குறுகுதல். சிறுநீரகம் செயலிழக்கும்போது குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து, இறுக்கும் எண்டோதீலின் மிகுகிறது. நாள்பட்ட நுரையீரல் நோய், பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பு, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் ஆகியனவும் குழாய்களை இறுகச் செய்யும். நுரையீரல் தமனியில் தங்கிவிட்ட பழைய இரத்தக்கட்டிகளும் குழாயைக் குறுக்கும். கழுத்தில் நீண்ட நாள் டயாலிசிஸ் குழாய் வைத்திருந்தவர்களிடம் இதனை நாங்கள் மறவாமல் தேடுகிறோம்.

ஒரே நோயாளியிடம் இம்மூன்றும் கலந்திருப்பதும் உண்டு. எனவேதான் உலகளாவிய வகைப்பாட்டில், நுரையீரல் உயர் அழுத்தத்தின் ஐந்து பிரிவுகளுள், பல காரணங்கள் கலந்த ஐந்தாம் பிரிவில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு இடம்பெற்றுள்ளது. எங்கள் மதிப்பீட்டின் நோக்கம் அழுத்தம் உயர்ந்துள்ளது என்று கூறுவதோடு முடிவதில்லை. மூன்றில் எது, எவ்வளவு என்று பிரித்தறிவதே அதன் நோக்கம். ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு.

எளிதில் தவறவிடப்படும் அறிகுறிகள்

நடந்தால் மூச்சிரைப்பு, சோர்வு, கால் வீக்கம், படபடப்பு: இவை இந்நோயின் அறிகுறிகள். இவையே இரத்தசோகைக்கும் நீர் மிகுதிக்கும் உரிய அறிகுறிகள். அதனால் “டயாலிசிஸ் நோயாளிக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்” என்று நோயாளியும், சில வேளைகளில் மருத்துவர்களாகிய நாங்களும் கடந்து சென்றுவிடுகிறோம்.

மாற்றத்தை முதலில் காண்பவர்கள் உடனிருந்து கவனிப்பவர்களே. முன்பு ஒரு தலையணையில் உறங்கியவர் இப்போது இரண்டு வைத்துக்கொள்கிறாரா? நாற்காலியில் அமர்ந்தபடியே இரவைக் கழிக்கிறாரா? தெருமுனைக் கடைக்குச் செல்வதைத் தானாகவே நிறுத்திவிட்டாரா? பேசிக்கொண்டே நடக்க இயலாமல் நின்றுவிடுகிறாரா? உறக்கத்தில் குறட்டை நின்று, சிறிது நேரம் மூச்சே இல்லாமல் பிறகு திடுக்கிட்டு மூச்சு வாங்குகிறாரா? டயாலிசிஸ் முடிந்து உலர் எடைக்கு வந்த பிறகும் மூச்சிரைப்பு நீடிக்கிறதா? இக்கேள்விகளுக்கான விடைகள் எங்களுக்கு எந்தப் பரிசோதனைக்கும் குறையாத மதிப்புடையவை. கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால் அதனை நீங்களாகவே எங்களிடம் கூறுங்கள். நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

எக்கோ எதனை அளக்கிறது?

எக்கோ கருவி நுரையீரல் தமனியின் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, கணக்கிட்டுச் சொல்கிறது. வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வில் சிறு கசிவு பெரும்பாலோரிடம் உண்டு. அந்தக் கசிவு எவ்வளவு வேகத்தில் பாய்கிறது என்பதைக் கருவி காண்கிறது. வேகத்தைத் தன்னாலேயே பெருக்கி, அதனை நான்கால் பெருக்கினால் இரு அறைகளுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு கிடைக்கும். அத்துடன் வலது மேலறையின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வயிற்றிலிருந்து இதயத்திற்கு வரும் பெருஞ்சிரையின் அகலத்தையும் மூச்சிழுக்கும்போது அது சுருங்கும் விதத்தையும் பார்த்து, பொதுவாக 3, 8, 15 ஆகியவற்றுள் ஒன்று மதிப்பாகக் கொள்ளப்படுகிறது.

கசிவின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றை மூன்றால் பெருக்கினால் 9; அதனை நான்கால் பெருக்கினால் 36. மேலறை அழுத்தம் 3 என்று கொண்டால் விடை 39. உடலில் நீர் மிகுந்து சிரை அகன்றிருந்து, 15 என்று கொண்டால் விடை 51. கசிவின் வேகம் ஒன்றே. அறிக்கையில் வரும் எண் இரண்டு. எனவே நாங்கள் இறுதி எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. கசிவின் வேகத்தைத் தனியே பார்க்கிறோம். அது 2.8 வரை இருந்து, வேறு அடையாளங்களும் இல்லையெனில் உயர் அழுத்தம் இருக்கும் வாய்ப்புக் குறைவு, 3.4க்கு மேல் சென்றால் வாய்ப்பு மிகுதி. வலது கீழறை விரிந்துள்ளதா, இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் இடப்பக்கமாகத் தள்ளப்பட்டுள்ளதா, இடப்பக்க இதயம் எவ்வாறு உள்ளது என்பவற்றையும் சேர்த்தே முடிவுக்கு வருகிறோம்.

எந்த நாளில் எடுக்கப்பட்ட எக்கோ?

சிறுநீரக நோயாளிக்கு இக்கேள்வி மிக முக்கியமானது. நாம் எண்ணிக்கொண்ட நோயாளியிடம் திரும்புவோம். அவருடைய எக்கோ திங்கட்கிழமை காலையில் எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய டயாலிசிஸ் வியாழக்கிழமை. இடையில் சென்ற நாட்களில் அவருடைய எடை நான்கு கிலோ கூடியிருந்தது. ஏறத்தாழ நான்கு லிட்டர் நீர் உடலில் தங்கியிருந்தது என்பது அதன் பொருள். அந்த வேளையில் கண்ட அழுத்தம் அவருடைய நிலையான அழுத்தம் என்று கொள்ள இயலாது. ஏரி நிரம்பி வழியும் நாளில் வாய்க்காலை அளந்ததைப் போன்றது அது.

ஆகவே டயாலிசிஸ் நோயாளிக்கு இவ்வழுத்தத்தை மதிப்பிடுவதற்கான எக்கோவை, டயாலிசிஸுக்கு மறுநாள், அவர் உலர் எடையில் இருக்கும்போது எடுப்பதே முறை. அவசர நிலையில் எந்நேரமும் எடுக்கலாம். ஆனால் அதனைக் கொண்டு நெடுங்கால முடிவு எடுக்கலாகாது. வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும், டயாலிசிஸ் தொடங்காமல் நீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் இதே கொள்கைதான்: வீக்கம் வடிந்து எடை நிலைப்பட்ட பிறகே அளவு பொருளுடையதாகும்.

உலர் எடை என்பதும் மாறாத எண் அன்று. நம் நோயாளியின் உலர் எடை ஓராண்டாக 62 கிலோ என்றே குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்வோராண்டில் அவருக்குப் பசி குறைந்து சதை வற்றியிருந்தது. எடை மாறவில்லை, வற்றிய சதையின் இடத்தை நீர் நிரப்பியிருந்தது. அவருடைய மனைவி, “சட்டை தோளில் தளர்ந்துவிட்டது, ஆனால் செருப்பு இறுக்குகிறது” என்று கூறிய பிறகே அது புலப்பட்டது. மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக உலர் எடை 60 கிலோவுக்குக் குறைக்கப்பட்டது. பின்னர் ஒரு வெள்ளிக்கிழமை எடுத்த எக்கோவில் அழுத்தம் 42. முழுதும் இயல்பான அளவு இல்லை. ஆனால் 61உம் இல்லை. மாடிப்படியில் அவர் நிற்பதும் குறைந்தது.

எனவே எக்கோ அறிக்கையின் மேற்புறத்தில் மூன்று செய்திகளை நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி டயாலிசிஸ் நடந்த நாள், எக்கோ அன்று இருந்த எடை, அப்போதைய உலர் எடை.

நீர் வடிந்த பின்னும் அழுத்தம் நீடித்தால்

அடுத்து வரும் பரிசோதனைகள், முன்பு கூறிய மூன்று வகைகளையும் ஒவ்வொன்றாகத் தேடுபவை.

கடைமடையைப் பார்க்க, எக்கோவிலேயே இடது மேலறையின் அளவும் இடது கீழறை விரியும் தன்மையும் வால்வுகளும் ஆராயப்படுகின்றன. இ.சி.ஜி.யும் மார்பு எக்ஸ்ரேயும் துணை செய்கின்றன. இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. ஆனால் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தாலே அதன் அளவு உயரும். ஆகவே அது மிகுந்திருப்பதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டாம்.

ஓட்டத்தைப் பார்க்க, ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் அளக்கப்படுகின்றன. ஃபிஸ்டுலாவில் நிமிடத்திற்கு எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்று டாப்ளர் ஸ்கேனில் காணப்படுகிறது. ஓய்வு நிலையில் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. நன்கு இயங்கும் ஃபிஸ்டுலாவில் பொதுவாக 600 மில்லி முதல் 1.5 லிட்டர் வரை ஓட்டம் இருக்கும். அது 1.5 முதல் 2 லிட்டரைக் கடந்தாலோ, இதயம் செலுத்தும் மொத்த இரத்தத்தில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் ஃபிஸ்டுலா வழியே சென்றாலோ, இதயத்திற்கு அது சுமையாகிறதா என்று ஆராய்கிறோம். மருத்துவர் ஃபிஸ்டுலாவைச் சில நொடிகள் விரலால் அழுத்தி இதயத் துடிப்பு குறைகிறதா என்று பார்ப்பதும் உண்டு. இதனை வீட்டில் எவரும் ஒருபோதும் செய்து பார்க்க வேண்டாம். ஃபிஸ்டுலா அடைபட்டுப் போகும்.

குழாய்களைப் பார்க்க, ஊதிப் பார்க்கும் நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை, தேவையெனில் உறக்கச் சோதனை, நுரையீரலின் காற்றோட்டத்தையும் இரத்த ஓட்டத்தையும் ஒப்பிடும் அணு ஸ்கேன் ஆகியன செய்யப்படுகின்றன. பழைய இரத்தக்கட்டிகளைத் தேடுவதில் இந்த ஸ்கேன் மிகவும் நம்பத்தக்கது. சி.டி. ஸ்கேனில் செலுத்தப்படும் சாய மருந்து இதற்குத் தேவையில்லை என்பது, சிறுநீரகத்தில் எஞ்சியுள்ள செயல்பாட்டைக் காக்க வேண்டிய நம் நோயாளிகளுக்குக் கூடுதல் நன்மை. ஆறு நிமிடங்களில் எவ்வளவு தூரம் நடக்க இயலும் என்று அளக்கும் எளிய சோதனையும் உண்டு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதனை ஒப்பிடலாம்.

வலது இதய கதீட்டர் பரிசோதனை

கணக்கிடாமல் நேரடியாக அழுத்தத்தை அளக்கும் வழி இது ஒன்றே. 1929இல் ஜெர்மானிய இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மான், தம் கைச் சிரையின் வழியே மெல்லிய குழாய் ஒன்றைத் தம் இதயம் வரை தாமே செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக்கொண்டார். பின்னர் அதனை நோயறியும் முறையாக வளர்த்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் 1956இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அன்று துணிகரச் செயலாக இருந்தது இன்று, அனுபவமுள்ள மையங்களில் முறையாக நடைபெறும் பரிசோதனையாகியுள்ளது.

இது எல்லோருக்கும் தேவையில்லை. நீர் வடிந்த பின்னும் அழுத்தம் மிகுந்திருப்பவர்கள், வலப்பக்க இதயம் தளர்ந்திருப்பவர்கள், காரணம் தெளிவாகாதவர்கள், மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் உறுதியான விடை தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கே இதனைப் பரிந்துரைக்கிறோம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கழுத்துச் சிரை அல்லது தொடைச் சிரை வழியே குழாய் செலுத்தப்படும். ஃபிஸ்டுலா உள்ள கையும், பிற்காலத்தில் ஃபிஸ்டுலா வைக்கத் தேவைப்படக்கூடிய கைச் சிரைகளும் பாதுகாக்கப்பட வேண்டும். இதனைப் பரிசோதனைக் குழுவினரிடம் நீங்களும் நினைவூட்டலாம். அழுத்தத்தை அளப்பதற்குப் பொதுவாகச் சாய மருந்து தேவைப்படுவதில்லை. சிரையில் குத்திய இடத்தில் இரத்தக்கட்டு, சில நொடிகள் துடிப்பு மாறுதல் ஆகியன நேரலாம். கடுமையான சிக்கல்கள் அரிது.

குழாயின் நுனியிலுள்ள சிறு பலூன் நுரையீரல் தமனியின் கிளையொன்றில் பொருந்தும்போது, அப்பால் இடப்பக்க இதயத்தில் உள்ள அழுத்தம் தெரியவருகிறது. அது 15க்கு மேல் இருந்தால் கடைமடையில் தேக்கம் உண்டு. 15 அல்லது அதற்குக் கீழே இருந்து, குழாய்களின் தடை மிகுந்திருந்தால் நுரையீரல் குழாய்களே குறுகியுள்ளன. தடை மிகாமல் ஓட்டம் மட்டும் பெருகியிருந்தால் ஃபிஸ்டுலாவையோ இரத்தசோகையையோ நோக்க வேண்டும். இப்பரிசோதனையையும் இயன்றவரை டயாலிசிஸுக்குப் பின், உலர் எடையில் செய்வதே சிறந்தது.

விடை தெரிந்தால் மருத்துவம் எவ்வாறு மாறுகிறது?

தேக்கமே காரணமெனில் உலர் எடையைத் திருத்துதல், உப்பைக் குறைத்தல், தேவையெனில் டயாலிசிஸ் நேரத்தையோ எண்ணிக்கையையோ கூட்டுதல், இரத்தக் கொதிப்பையும் வால்வையும் கவனித்தல் ஆகியன முதன்மையானவை. இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்தாலும் எரித்ரோபாய்ட்டின் ஊசியாலும் ஹீமோகுளோபினைப் பொதுவாக 10 முதல் 11.5 கிராம் அளவில் வைக்கிறோம். ஃபிஸ்டுலாவின் ஓட்டம் மிகையெனில் அறுவை சிகிச்சையால் அதனைக் குறுக்கி ஓட்டத்தைக் குறைக்கலாம். உறக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கு இரவில் காற்றழுத்தக் கருவி உதவும்.

ஒன்றைக் குறிப்பாகக் கூற வேண்டும். நுரையீரல் குழாய்களைத் தளர்த்தும் சில்டெனாஃபில், போசென்டான் போன்ற மருந்துகள் உண்டு. வேறு நோயாளி ஒருவருக்கு அவை உதவியதைக் கேட்டு, “எங்களுக்கும் எழுதித் தாருங்கள்” என்று சிலர் கேட்கின்றனர். இடப்பக்க இதயத்தில் தேக்கம் உள்ளவருக்கு, கடைமடை அடைபட்டிருக்க மதகைத் திறந்துவிட்டதுபோல் இம்மருந்துகள் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் சில்டெனாஃபிலைச் சேர்த்து உட்கொண்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். எந்த வகை என்று உறுதிப்பட்ட பிறகு, அதற்குரிய வல்லுநரே இவற்றைத் தொடங்க வேண்டும்.

மாற்று அறுவை சிகிச்சை பற்றிய அச்சத்திற்கும் விடை இதுவே. மிக உயர்ந்த அழுத்தம், தளர்ந்த வலப்பக்க இதயம் ஆகியன மயக்க மருந்தின் ஆபத்தையும், புதிய சிறுநீரகம் தொடக்கத்தில் மெதுவாக இயங்கும் வாய்ப்பையும் கூட்டுகின்றன. ஆகையால்தான் முன்கூட்டியே மதிப்பிடுகிறோம். ஆனால் உயர் அழுத்தம் என்ற ஒரு சொல்லே கதவை மூடிவிடுவதில்லை. காரணத்தைக் கண்டு குறைத்த பின் அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள் உண்டு. புதிய சிறுநீரகம் இயங்கத் தொடங்கிய பின் அழுத்தம் தணிபவர்களும் உண்டு.

வீட்டில் ஒரு குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதில் கீழ்க்கண்டவற்றை எழுதி வாருங்கள்.

1. ஒவ்வொரு நாளும் காலையில், மலசலம் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக் கருவியில் கண்ட எடை.

2. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன்னும் பின்னும் இருந்த எடை. இடைப்பட்ட நாட்களில் கூடும் எடை, உலர் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கைக் கடக்காதிருப்பது நன்று. 60 கிலோ உள்ளவருக்கு அது ஏறத்தாழ 2.4 கிலோ.

3. குடித்த நீரின் அளவு. காப்பி, மோர், கஞ்சி, ரசம் ஆகியனவும் நீரே.

4. உப்பு. சமையலிலும் தின்பண்டங்களிலுமாக நாளொன்றுக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் ஆகியவற்றைத் தவிருங்கள். ‘குறைந்த சோடியம்’ என்று விற்கப்படும் மாற்று உப்பில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்தானது.

5. மூச்சிரைப்பு: எத்தனை படிகள் ஏறியதும் நிற்க நேர்ந்தது, எத்தனை தலையணைகள் தேவைப்பட்டன.

6. ஃபிஸ்டுலாவின் அதிர்வு நாள்தோறும் உணரப்படுகிறதா. கை முன்பைவிடப் பெருத்துவிட்டதா.

உடனே வர வேண்டிய நிலைகள்

மயங்கி விழுதல், ஓய்விலும் மூச்சுத் திணறல், படுக்கவே இயலாமை, இளஞ்சிவப்பு நுரையுடன் சளி, இருமலில் இரத்தம், நெஞ்சுவலி, உதடு நீலம்பாரித்தல், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும்: இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

நாம் எண்ணிக்கொண்ட நோயாளியின் மதிப்பீடு 42 என்ற எண்ணோடு முடியவில்லை. ஃபிஸ்டுலாவின் ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன் அடுத்து நடைபெற வேண்டும். அதன் பின்னரே கதீட்டர் பரிசோதனை தேவையா என்பது தெளிவாகும். மாற்று அறுவை சிகிச்சைக் குழு அந்த விடைகளைப் பார்த்தே முடிவு சொல்லும். ஆனால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. சட்டை தளர்ந்ததையும் செருப்பு இறுகியதையும் கவனித்துச் சொன்ன மனைவியால்தான் முதல் வாசல் திறந்தது. அடுத்த முறை எங்களிடம் வரும்போது எக்கோ அறிக்கையை மட்டுமன்றி உங்கள் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். இரண்டையும் சேர்த்தே படிப்போம்.